ஒரு விதி இரண்டு பொருள் தரும்போது: மினியேச்சர் போர்விளையாட்டுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

மேசையின் மேல் சின்னஞ்சிறு படையுருக்களை நிறுத்தி, அளவுநாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடும் மினியேச்சர் போர்விளையாட்டில் உருவங்களுக்கு வண்ணம் பூசவும் படையை அடுக்கவும் புதியவர்கள் விரைவாகவே பழகிவிடுகிறார்கள். அவர்களைத் தடுமாற வைப்பது வேறொன்று. விதிநூலின் ஒரு வசனத்தை நீங்கள் ஒரு விதமாகவும் எதிரே இருப்பவர் இன்னொரு விதமாகவும் வாசிக்கிறீர்கள். இருவர் வாசிப்பும் பொருந்துவதுபோலவே தெரிகின்றது. பகடை கையிலேயே நிற்கின்றது. அந்த இடத்தில் என்ன செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கிளிநொச்சியில் ஒரு வீட்டு விறாந்தையில் நாங்கள் சிலர் பல ஞாயிற்றுக்கிழமைகளாக ஆடிவருகிறோம். கீழே சொல்பவை அங்கே பழகிப் பார்த்தவை.

ஒரு வேறுபாட்டை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நாம் கிளித்தட்டு மறித்து வளர்ந்தவர்கள். அங்கே எழும் சண்டை பெரும்பாலும் நடந்த செயலைப் பற்றியது: கோட்டை மிதித்தானா, கை பட்டதா, படவில்லையா. முந்நூற்று நான்கு என்ற சீட்டாட்டம் ஆடும்போது எழும் சண்டையோ ஊருக்கு ஊர் மாறுபடும் வழக்கைப் பற்றியது. அந்த விதிகளைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைத்ததில்லை, மூத்தவர் சொல்வதே விதி. மினியேச்சர் விளையாட்டில் விதிகள் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன, ஆயினும் சண்டை எழுகின்றது, ஏனெனில் எழுதப்பட்ட சொல்லுக்கே இரண்டு பொருள் இருக்கக்கூடும். ஆகவே ஐயம் எழுந்தவுடன் அது செயலைப் பற்றியதா, சொல்லைப் பற்றியதா என்று கேளுங்கள். செயலைப் பற்றியதாயின் நாடாவை எடுத்து மீண்டும் அளந்தால் போதும். சொல்லைப் பற்றியதாயின் எத்தனை தடவை அளந்தாலும் தீராது. நூலைத்தான் திறக்க வேண்டும்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்

பிணக்குகளில் பாதி, இருவர் கையிலும் வெவ்வேறு நூல்கள் இருப்பதால் வருபவை. 1987இல் முதன்முதலாக வெளிவந்த வார்ஹாமர் 40,000 என்ற விளையாட்டு 2023இல் பத்தாம் பதிப்பைக் கண்டது. இலண்டனில் இருந்து மாமா அனுப்பிய பெட்டியில் பழைய பதிப்பின் நூல் இருக்கும். நண்பரின் கைத்தொலைபேசியில் புதிய பதிப்பின் பி.டி.எப். இருக்கும். இரண்டிலும் ஒரே சொல் வேறு வேறு அளவைக் குறிப்பதுண்டு. எனவே எந்தப் பதிப்பு, எந்தத் திகதி வரையிலான திருத்தங்கள் என்பதைப் படைகளை மேசையில் வைப்பதற்கு முன்பே பேசி முடிவுசெய்யுங்கள். பத்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை அதன் வெளியீட்டாளரான கேம்ஸ் வேர்க்‌ஷொப் நிறுவனம் இலவசமாகவே வெளியிட்டது. ஒன் பேஜ் ரூல்ஸ் என்ற பெயரில் வருகின்ற விதிகளும் இலவசமாகக் கிடைப்பவை, அவை சில பக்கங்களே கொண்டவை, எந்த நிறுவனத்தின் உருவத்தையும், காகிதத்தில் வெட்டிய உருவத்தைக்கூட, வைத்து ஆடலாம். செலவைக் கருதினால் நம் பகுதியில் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இவற்றைத்தான். எதுவாயினும் முன்கூட்டியே இறக்கி, முடிந்தால் அச்சிட்டு வைத்திருங்கள். மின்சாரமும் இணைப்பும் நின்ற வேளையில் நினைவிலிருந்து விதி சொல்பவர்கள், நேர்மையானவர்களாக இருந்தாலும், தமக்குச் சாதகமான பாதியையே நினைவில் வைத்திருப்பார்கள்.

அளவுகோலையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன விளையாட்டுகள் அங்குலக் கணக்கில் எழுதப்பட்டவை. தையல்காரரும் தச்சரும் அங்குலம் புழங்குகின்ற ஊரில் அது சிரமமில்லை. ஆயினும் சிலர் பாடசாலை அடிமட்டத்தை எடுத்துவந்து சென்ரிமீற்றரில் அளப்பார்கள். 9 அங்குலம் என்பது 22.86 சென்ரிமீற்றர், ஒருவர் அதை 23 என்று எடுக்க, மற்றவர் 22.5 என்று எடுக்க, அங்கேயே ஒரு பிணக்கு முளைத்துவிடும். பழைய தையல் நாடா இழுபட்டு நீண்டிருக்கக்கூடும் என்பதால், ஒரே உருக்கு நாடாவை இருவரும் பயன்படுத்துவது நல்லது.

மேசையில் உள்ள மதில், மரம், உடைந்த கட்டடம் ஆகிய ஒவ்வொன்றையும் சுட்டிக்காட்டி, இது பார்வையை மறைக்குமா, இதன் மேல் ஏறலாமா என்று பேசிக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. போரைக் கண்ணால் கண்டவர்கள் வாழும் மண் இது. நாங்கள் கற்பனை உலகப் படைகளையே வைத்து ஆடுகிறோம். எங்கள் நிலத்தை நினைவூட்டுகின்ற எதையும் மேசையில் அமைப்பதில்லை. வீட்டில் உள்ள பெரியவர்களிடம் முதலில் கேட்டுக்கொண்டோம். விறாந்தையில் இளைஞர்கள் குரல் உயர்த்தினாலே உள்ளே ஒரு தாய் பதறி எழும்புவார். வாதத்தைத் தாழ்ந்த குரலில் நடத்தும் பழக்கம் எங்களுக்கு அங்கிருந்துதான் வந்தது.

பகடை உருள்வதற்கு முன்பே கேளுங்கள்

இவ்வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்களாயின் இதை வையுங்கள்: ஐயத்தைப் பகடை விழுவதற்கு முன்பே எழுப்ப வேண்டும். விழுந்த பின், எந்த வாசிப்பு யாருக்கு வெற்றி தரும் என்பது இருவருக்கும் தெரிந்துவிடுகின்றது. அதன்பிறகு சொல்லின் பொருளை மட்டும் நினைத்து வாதிடுவது எவருக்கும் கடினம். நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். என் அணியின் தாக்குதல் முழுவதும் வீணான பின், அந்த விதியை நாம் தவறாக வாசித்துவிட்டோம் என்று சொல்லி, நாற்பது நிமிடங்கள் நண்பர் ஒருவருடன் வாதிட்டேன். அவர் முல்லைத்தீவுக்குப் போகும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர். ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போனார். மறுநாள் நூலைப் புரட்டியபோது, நாங்கள் சண்டையிட்ட பக்கத்துக்கு இரண்டு பக்கம் முன்னால், அந்தச் சொல்லுக்கு வரைவிலக்கணம் தெளிவாக இருந்தது. அவர் வாசித்ததே சரி.

அன்றிலிருந்து எங்களிடையே ஒரு வழக்கம் உண்டு. நுட்பமான நகர்வு எதையும் செய்வதற்கு முன், எதற்காக அதைச் செய்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்கிறோம்.

“தம்பி, நான் இவையளை இந்த மதிலுக்குப் பின்னால நிப்பாட்டப் போறன். உங்கட பக்கத்தில இருந்து பாத்தால் இவை மறைஞ்சுதான் நிக்கினம் எண்டு எடுக்கலாமோ?”

“ஓம் அண்ணா, முழுக்க மறைவுதான். ஆனால் அந்தக் கடைசி ஆளின்ர பேஸ் கொஞ்சம் வெளிய நிக்குது.”

இவ்வளவுதான். பேஸ் என்பது உருவம் நிற்கின்ற அடித்தட்டு. கடைசி உருவத்தை அரை அங்குலம் உள்ளே தள்ளினால், அரை மணி நேரம் கழித்து வரவிருந்த சண்டை வராமலே போய்விடும்.

உரத்து வாசியுங்கள்

ஐயம் எழுந்துவிட்டதாயின், கையை நிறுத்தி, அசைக்கப்பட்ட உருவங்களின் பழைய இடத்தில் ஒரு பகடையையோ சோடா மூடியையோ அடையாளமாக வைத்துவிட்டு, நூலைத் திறவுங்கள். விதியைச் சொந்த வார்த்தையில் சொல்லாமல், முழு வசனத்தையும் எழுத்தில் உள்ளபடியே உரத்து வாசியுங்கள். தலைப்பு, வசனம், அடுத்த வசனம், அடைப்புக்குறிக்குள் இருப்பது, எல்லாவற்றையும் வாசிக்க வேண்டும்.

உரத்து வாசிப்பதற்கு ஒரு காரணம் இருக்கின்றது. நம் உரையாசிரியர்கள் காட்டும் பழைய எடுத்துக்காட்டு ஒன்றை உயர்தரத்தில் தமிழ் படித்தவர்கள் அறிந்திருப்பார்கள்: செம்பொன்பதின்தொடி. செம்பொன் பதின்தொடி என்று பிரித்தால் பத்துத் தொடி நிறைப் பொன்; செம்பு ஒன்பதின்தொடி என்று பிரித்தால் ஒன்பது தொடி நிறைச் செம்பு. எழுத்து ஒன்றுதான், சொல்லும்போது எங்கே நிறுத்துகிறோம் என்பதே பொருளைப் பிரிக்கின்றது. விளையாட்டு விதியிலும் அப்படித்தான். நீங்கள் நிறுத்துகின்ற இடத்தையும் எதிராளி நிறுத்துகின்ற இடத்தையும் காதால் கேட்டபின்னரே, எந்தச் சொல்லில் இருவரும் பிரிகிறீர்கள் என்பது புலப்படும்.

நானே எழுதிய ஒரு வசனத்தை எடுத்துப் பார்ப்போம்: “தலைவனிலிருந்து 6 அங்குலத்துக்குள் இருக்கும் நட்பு அணியின் வீரர்கள் தாக்கும்போது பகடையை மீண்டும் உருட்டலாம்.” மேலோட்டமாக வாசித்தால் இதில் ஐயமே இல்லை. ஆனால் ‘இருக்கும்’ என்ற பெயரெச்சம் எதைத் தழுவுகின்றது? அணியைத் தழுவினால், அணியின் ஒரு வீரன் 6 அங்குலத்துக்குள் நின்றாலும் அணி முழுவதற்கும் அந்த நன்மை உண்டு. வீரர்களைத் தழுவினால், உள்ளே நிற்கும் வீரருக்கு மட்டுமே உண்டு. அடுத்தது, தலைவன் தனக்குத்தானே 6 அங்குலத்துக்குள் இருக்கின்றானா? மூன்றாவது, மீண்டும் உருட்டுவது ஒரு பகடையையா, தவறிய எல்லாவற்றையுமா? நான்காவது, ‘உருட்டலாம்’ என்பது விருப்பமா, கட்டாயமா? இந்தச் சிறு வசனத்துக்குள் நான்கு ஐயங்கள். இவற்றை ஒன்றாகக் குழப்பி வாதிடாமல், ஒவ்வொன்றாகப் பிரித்து எடுப்பதே வாதத்தில் முதற் திறமை.

இவற்றில் பலவற்றுக்கு நூலிலேயே விடை இருக்கும். வார்ஹாமரின் பத்தாம் பதிப்பை எடுத்துக்கொண்டால், ஓர் அணியின் ஏதேனும் ஓர் உருவம் குறித்த தூரத்துக்குள் இருந்தாலே அணி ‘விதின்’ (உள்ளே) ஆகும்; எல்லா உருவங்களும், அவற்றின் பேஸின் ஒவ்வொரு பகுதியும் உள்ளே இருந்தால்தான் ‘ஹோலி விதின்’ (முழுவதும் உள்ளே) ஆகும். சூழ இருப்பவர்களுக்கு நன்மை தரும் ஓரா வகைத் திறனைக் கொண்ட உருவம் எப்போதும் அத்திறனின் எல்லைக்குள்ளேயே இருப்பதாகக் கொள்ளப்படும். மீண்டும் உருட்டுவது, கூட்டல் கழித்தல்களைச் செய்வதற்கு முன்பே நடைபெற வேண்டும்; ஒரு பகடையை ஒரு தடவைக்கு மேல் மீண்டும் உருட்ட முடியாது.

சிறிய சொல்லின் பாரம்

ஒரு சொல்லுக்காக இவ்வளவு வாதிடுவது வீண் என்று சிலர் நினைப்பார்கள். கணக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. வார்ஹாமரின் அதே பத்தாம் பதிப்பில், மேசைக்கு வெளியே காத்திருந்து இடையில் வந்திறங்கும் அணி, எதிரிகளிடமிருந்து ‘9 அங்குலத்துக்கு மேற்பட்ட’ தூரத்தில் இறங்க வேண்டும். பின்பு இரண்டு பகடைகளை உருட்டி, விழுந்த கூட்டுத்தொகை எத்தனையோ அத்தனை அங்குலம் வரை பாய்ந்து, எதிரியின் 1 அங்குலத்துக்குள் சென்றடைய வேண்டும். 9 அங்குலத்துக்கு மயிரிழை மேலே நின்றால் 9 விழ வேண்டும். சரியாக 9 அங்குலத்தில் நின்றால் 8 போதும். இரண்டு பகடைகளில் 9 அல்லது அதற்கு மேல் விழும் வழிகள் 36இல் 10. 8 அல்லது அதற்கு மேல் விழும் வழிகள் 36இல் 15. ‘மேற்பட்ட’ என்ற ஒரு சொல்லைத் தளர்வாக வாசித்தால் வாய்ப்பு ஒன்றரை மடங்காகிவிடுகின்றது. சரியாக 9இல் இருப்பது 9க்கு ‘உள்ளே’ என்றே கொள்ளப்படும் என்பதைப் புதியவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். நம் பேச்சுத் தமிழில் ‘பத்துப் பேருக்கு மேல வந்தவை’ என்னும்போது அந்தப் பத்தைக் கறாராக எண்ணுவதில்லை. விதி வாசிக்கும்போது எண்ணத்தான் வேண்டும்.

ஆங்கில விதிநூலில் ‘மே’ என்றால் செய்யலாம், செய்யாமலும் விடலாம். ‘மஸ்ட்’ என்றால் உங்களுக்கு நட்டமானாலும் செய்தே ஆக வேண்டும். ‘ஈச்’, ‘எனி’ என்ற இரண்டும் அவசரத் தமிழாக்கத்தில் ‘எந்த’ என்றும் ‘ஒவ்வொரு’ என்றும் இடம் மாறிவிடுவதை அடிக்கடி காண்கிறேன்.

தமிழாக்கம் செய்து ஆடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. தம்பி தங்கைகளுக்காக விதிகளைத் தமிழில் எழுதி வைப்பது மிக நல்ல காரியம்; நாங்களும் செய்திருக்கிறோம். ஆனால் இரண்டு வாசகங்களும் முரண்பட்டால் எது மேலோங்கும் என்பதை அதன் முதற் பக்கத்திலேயே எழுதுங்கள். நம் நாட்டுச் சட்டங்களின் இறுதியில் அத்தகைய ஒரு பிரிவு இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அங்கே சிங்கள வாசகம் மேலோங்கும் என்றிருக்கும். எங்கள் தமிழ்ப் பிரதியில் ஆங்கில மூலமே மேலோங்கும் என்று எழுதியிருக்கிறோம், ஏனெனில் திருத்தங்கள் அந்த மொழியில்தான் வருகின்றன.

எதைச் சான்றாகக் காட்டலாம்

வசனமும் வரைவிலக்கணமும் முதற் சான்று. அடுத்து, பொதுவிதியும் சிறப்புவிதியும் மோதுமாயின், ஓர் அணியின் திறன்களைச் சொல்லும் அதன் சொந்த அட்டையில் உள்ள சிறப்புவிதிக்கே இடங்கொடுப்பது வழக்கம். அதற்கடுத்து வெளியீட்டாளரின் அதிகாரபூர்வமான விளக்கங்களும் திருத்தங்களும். இரண்டு விதிகள் ஒரே நேரத்தில் நடைபெற வேண்டியிருந்தால், வார்ஹாமரில் யாருடைய முறை நடக்கின்றதோ அவரே வரிசையைத் தெரிவுசெய்வார். இதை அறியாமல் எவ்வளவோ வாதங்கள் நடக்கின்றன.

இவை எல்லாம் பயனளிக்காத இடத்தில்தான் எழுதியவரின் நோக்கம் என்னவாயிருக்கும் என்ற கேள்வி வர வேண்டும். எழுதியபடி ஆடுவதா, எண்ணியபடி ஆடுவதா என்பது இவ்விளையாட்டு உலகில் நெடுநாளாக நடக்கும் விவாதம். என் நிலைப்பாடு இதுதான்: சொல் தெளிவாக இருக்கும்போது நோக்கத்தை இழுத்துவரக் கூடாது, சொல் உண்மையிலேயே இரண்டு வழி காட்டும்போது, எந்த வழியில் அந்த விதிக்கு ஒரு பயன் இருக்கின்றதோ அந்த வழியை எடுக்க வேண்டும். ஒரு வாசிப்பின்படி அந்த விதி ஒருபோதும் செயற்படவே முடியாது என்றால், அந்த வாசிப்பு பெரும்பாலும் தவறு.

சான்றாகக் காட்டக் கூடாதவை மூன்று. உண்மையான பீரங்கி இப்படிச் சுடாது என்பது சான்றாகாது. பழைய பதிப்பில் இப்படி இருந்தது என்பதும் ஆகாது. கதைப் பகுதியில் இந்த வீரன் அழிக்க முடியாதவன் என்று வருணிக்கப்பட்டிருப்பதும் ஆகாது, அது கதை.

வாதிடும்போது ‘நீங்கள் பிழையாக ஆடுகிறீர்கள்’ என்று தொடங்காமல் ‘நான் இதை இப்படி வாசிக்கிறேன்’ என்று தொடங்குங்கள். பின்பு எதிராளியின் வாசிப்பை அவர் ஏற்றுக்கொள்ளும்படி உங்கள் வாயால் ஒருதடவை சொல்லுங்கள். அதன்பின் உங்களை நீங்களே கேளுங்கள்: அடுத்த சுற்றில் இதே விதியை அவர் எனக்கு எதிராகப் பயன்படுத்தினால், இதே வாசிப்பை நான் ஏற்பேனா? தயங்குவீர்களாயின் உங்கள் வாதத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஐந்து நிமிடத்தில் முடிவு

நாங்கள் ஒரு பிணக்குக்கு ஐந்து நிமிடமே ஒதுக்குகிறோம். அதற்குள் தீராவிட்டால் பகடை. ஒன் பேஜ் ரூல்ஸ் விதிகளிலேயே இதற்கு வழி சொல்லப்பட்டிருக்கின்றது: ஒரு பகடையை உருட்டி 1 முதல் 3 வரை விழுந்தால் ஒருவரும், 4 முதல் 6 வரை விழுந்தால் மற்றவரும் முடிவுசெய்வார், அந்த முடிவு அந்த ஆட்டம் முடியும் வரை இருவருக்கும் பொருந்தும். இந்தக் கடைசிப் பகுதி முக்கியமானது. முதற் சுற்றில் உங்களுக்குச் சாதகமாக விழுந்த வாசிப்பு, நான்காம் சுற்றில் எதிராளிக்குச் சாதகமாக வரும்போதும் நிலைக்க வேண்டும்.

அருகில் ஆட்டத்தில் சேராத ஒருவர் இருந்தால் பகடைக்கு முன் அவரைக் கேட்கலாம். இவ்வகை விளையாட்டின் முன்னோடியான பிரஷ்யப் படை விளையாட்டில், ரைஸ்விட்ஸ் என்ற படை அதிகாரி 1824இல் வெளியிட்ட விதிகளிலேயே நடுவர் இருந்தார். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற இன்னொரு பிரஷ்யப் படை அதிகாரி விதிகளைக் குறைத்து, தீர்ப்பை நடுவரின் அனுபவத்துக்கே விட்டார். இன்று வீட்டு மேசையில் நடுவர் இல்லை. பயன்பெறும் இருவரே தீர்ப்பளிப்பவர்களாகவும் இருக்கிறார்கள். மூன்றாமவரைக் கேட்கும்போது எந்தப் படை யாருடையது, எந்த விடை யாருக்கு நன்மை என்பதைச் சொல்லாமல், வசனத்தை மட்டும் நீட்டிக் கேளுங்கள். அவரை நீதவானாக்காமல், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையில் அமர்பவரைப்போல, இருவரையும் ஓர் இணக்கத்துக்குக் கொண்டுவருபவராகக் கருதுங்கள். போட்டியாக நடத்தப்படும் ஆட்டங்களில் இது பொருந்தாது. அங்கே ஏற்பாட்டாளரின் முடிவே இறுதியானது, மறுவார்த்தை பேசாமல் ஏற்க வேண்டும்.

கொப்பியில் எழுதுங்கள்

ஆட்டம் முடிந்தபின், தேநீரோடு அமர்ந்து, தீராத ஐயத்தை மீண்டும் எடுங்கள். வெற்றி தோல்வி முடிந்துவிட்டதால் அப்போது இருவரும் தெளிவாக வாசிப்பீர்கள். எங்களிடம் இதற்கென ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கின்றது. ஒவ்வொரு பதிவிலும் திகதி, விளையாட்டின் பதிப்பு, பக்க எண், ஆங்கில வசனம் எழுத்துக்கு எழுத்து, இரண்டு வாசிப்புகள், அன்று எடுத்த முடிவு, அது பகடையால் வந்ததா இணக்கத்தால் வந்ததா என்பது, இரண்டு கையெழுத்து. பகடையால் வந்த முடிவு அடுத்த ஆட்டத்தைக் கட்டாது. இணக்கத்தால் வந்தது, நாங்கள் கூடி மாற்றும் வரை எங்கள் மேசையின் விதி. புதிதாக வருபவரிடம் ஆட்டத்துக்கு முன்பே அந்தக் கொப்பியைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறோம், ஏனெனில் தனக்குத் தெரியாத விதியால் ஒருவர் தோற்பது நியாயமல்ல.

வெளியீட்டாளரின் விளக்கம் பின்னர் வந்தால், பழைய பதிவை அழிப்பதில்லை. அதன் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் விளக்கம் வந்த திகதியை எழுதுகிறோம். கொப்பியின் முதலாவது பக்கத்தில் இருப்பது முல்லைத்தீவு நண்பருடனான அந்தப் பிணக்கு. அவர் அடுத்த தடவை வந்தபோது, வரைவிலக்கணம் இருந்த பக்க எண்ணை நான் எழுதிக் காட்ட, அவர் கீழே கையெழுத்திட்டுவிட்டுப் பேருந்து நேரத்தையும் ஓரத்தில் குறித்து வைத்தார்.